ஒன்பது மணிக்குச் சாத்தும் காடு

ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகிறவர்களை இரவு முழுக்க நிறுத்திவைக்கிறது பண்டிப்பூர் காடு. நியாயமான காரணம்தான். ஆனால் குண்டலுபேட்டையில் எங்கே உட்கார்ந்து காத்திருப்பது?

விமானப் பயணிகளுக்கு நன்கு பழக்கமான தொல்லை ஒன்று உண்டு. ஒரு விமானத்திலிருந்து இறங்கியாகிவிட்டது. அடுத்த விமானத்துக்கு இன்னும் ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோ இருக்கிறது. புறப்பட்ட ஊரிலும் இல்லை, போகவேண்டிய ஊரிலும் இல்லை. ஆங்கிலத்தில் இதை 'லேஓவர்' என்கிறார்கள். மொழிபெயர்ப்பு வேலையில் இந்தச் சொல் வரும்போதெல்லாம் 'இடைத்தங்கல்' என்று எழுதிவிட்டு நகர்வது என் வழக்கம். பொருள் சரிதான். ஆனால் தமிழில் 'தங்கல்' என்றாலே கொஞ்சம் ஓய்வும் கொஞ்சம் உபசாரமும் சேர்ந்து வந்துவிடுகிறது. நடுவழியில் நிறுத்தப்பட்டவரின் தவிப்பு அதில் இல்லை.

அந்தத் தவிப்பைப் பார்க்க துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகவேண்டியதில்லை. மைசூரிலிருந்து தெற்கே சுமார் 60 கி.மீ. தள்ளியிருக்கும் குண்டலுபேட்டைக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால் போதும்.

குண்டலுபேட்டை பெரிய ஊர் அல்ல. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில் இப்போது ஒரு தாலுகா தலைநகர். ரயில் கிடையாது. ஆனால் சாலைகள் உண்டு. மைசூரிலிருந்து வரும் சாலை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பண்டிப்பூர், முதுமலை காடுகள் வழியாகக் கூடலூருக்கும் ஊட்டிக்கும் ஏறுகிறது. மற்றொன்று முத்தங்கா காட்டைக் கடந்து வயநாட்டின் சுல்தான் பத்தேரிக்குப் போய், பிறகு கோழிக்கோட்டுக்கு இறங்குகிறது. மூன்று மாநிலங்களின் பஸ்கள், லாரிகள், சுற்றுலா வேன்கள் எல்லாம் இந்தச் சிறிய ஊரின் கடைத்தெருவைத் தொட்டுத்தான் போகவேண்டும். டீக்கடையில் கன்னடம், தமிழ், மலையாளம், உருது நான்கும் ஒரே பெஞ்சில் கேட்கும்.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஊருக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் தருவதற்கு முன்பு, அதாவது 2010 வரை, நாகப்பட்டினத்தில் தொடங்கி திருச்சி, கரூர், கோவை, மேட்டுப்பாளையம், ஊட்டி வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 67 முடிந்த இடம் குண்டலுபேட்டைதான். வங்கக்கடல் ஓரத்தில் கிளம்பிய சாலை, ஒரு மலையையும் ஒரு காட்டையும் கடந்து வந்து இந்தக் கடைத்தெருவில் நின்றது. இன்று கோவையிலிருந்து இங்கு வரும் பகுதிக்கு எண் 181. வயநாட்டுச் சாலைக்குப் பழைய எண் 212, இப்போது 766.

எண் எதுவானாலும், இரவு ஒன்பது மணிக்கு இரண்டு சாலைகளுமே மூடப்படுகின்றன. திறப்பது காலை ஆறு மணிக்கு.

தடை வந்த கதை

2009-ம் ஆண்டு ஜூன் மாதம் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. பண்டிப்பூர் புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்லும் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகளிலும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்கள் போகக்கூடாது. எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. விவகாரம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010 மார்ச்சில் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. கேரள அரசு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. மேம்பாலச் சாலை என்ற யோசனை 2018-ல் வந்து, கர்நாடகத்தில் எதிர்ப்பைச் சந்தித்தது. 2019-ல் பகலிலும் சாலை மூடப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒன்பது மணிக் கணக்கு மாறவில்லை. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கும், அனுமதி பெற்ற ஒருசில அரசு பஸ்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

சுற்றிக்கொண்டு போகலாமே என்று கேட்கலாம். வயநாட்டுக்காரர்களுக்கு ஹுன்சூர், கோணிகொப்பல், குட்டா வழியாக மானந்தவாடிக்கு ஒரு பாதை உண்டு, கூடுதல் தூரம். ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் சாமராஜநகர், ஆசனூர் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் இறங்கி சத்தியமங்கலம் சேரலாம் என்று முன்பு சொல்வார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரி 10 முதல் அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரவுக் கட்டுப்பாடு அமலுக்கு வந்துவிட்டது. அதுவும் புலிகள் காப்பகம்தான். கர்நாடகப் பீடபூமியிலிருந்து தமிழகத்தின் மேற்குப் பகுதிக்கு இறங்கும் இந்த வழிகள் எல்லாம் காட்டின் வாசல் வழியாகத்தான் போகின்றன.

மறுபுறத்தில் யார்?

ஒன்பது மணி நேரம் யாருக்காகக் காலி செய்யப்படுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். மைசூர் மகாராஜாக்கள் வேட்டையாடிய காடு பண்டிப்பூர். 1931-ல் சரணாலயமாகத் தொடங்கி, 1941-ல் வேணுகோபால வனவிலங்குப் பூங்காவாக விரிந்தது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டபோது முதல் காப்பகங்களில் ஒன்றானது. தெற்கே முதுமலை, மேற்கே வயநாடு, வடமேற்கே நாகரஹொளே என்று நான்கு காடுகள் ஒட்டிக்கிடக்கின்றன. மாநில எல்லைகள் மனிதர்களுக்குத்தான். ஆசிய யானைகள் மிக அதிகமாக வாழும் நிலப்பரப்பு இது. யானைக் கூட்டம் கோடையில் தண்ணீர் தேடி மாயாற்றுப் பக்கமும் கபினி நீர்த்தேக்கத்துப் பக்கமும் நகரும்போது சாலையைக் கடந்துதான் ஆகவேண்டும்.

பகலில் கடந்துவிடக்கூடாதா? பெரும்பாலான காட்டு விலங்குகளுக்கு இரவுதான் வேலைநேரம். ஹெட்லைட் வெளிச்சம் முகத்தில் அடித்தால் மான் ஓடுவதில்லை. கண்கூசி அப்படியே நின்றுவிடும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தார்ச்சாலை இரவிலும் கதகதப்பாக இருக்கும். பக்கிக் குருவிகள் அதன் மேலேயே வந்து உட்காரும். குட்டியுடன் கடக்கும் யானை நடுச்சாலையில் நின்று வண்டியைப் பார்த்தால், அந்தக் கூட்டத்தின் மற்ற யானைகள் மறுபக்கத்தில் காத்திருக்கும். வண்டிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தால், சாலை காட்டை இரண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. அடிபட்டுச் சாவது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. கடக்காமலே திரும்பிப் போய்விடுவது தெரியாத இழப்பு.

ஆகவே தடை நியாயமானது என்றே நினைக்கிறேன். பகல் 15 மணி நேரம் நமக்கு, இரவு 9 மணி நேரம் அதற்கு. பங்கு பிரித்ததில் நமக்குத்தான் அதிகம். என் கேள்வி வேறு. இந்த ஒன்பது மணி நேரத்தின் விலையைக் கொடுப்பவர் யார்?

விமானமும் செக்போஸ்ட்டும்

விமானத் துறையில் 'குறைந்தபட்ச இணைப்பு நேரம்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு விமானத்திலிருந்து இறங்கி, சோதனைகளை முடித்து, அடுத்ததில் ஏற இவ்வளவு நிமிடமாவது வேண்டும் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் நிர்ணயித்திருக்கிறார்கள். அதற்குக் குறைவாக டிக்கெட் போடமாட்டார்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்து, முதலாவது தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அவரவர் பாடு.

குண்டலுபேட்டையில் ஏறக்குறைய எல்லோருமே தனித்தனி டிக்கெட்காரர்கள்தான்.

கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போகிறவர் பெங்களூரில் விமானம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். கூடலூரிலிருந்து தேவனஹள்ளியில் உள்ள விமான நிலையம் சுமார் 300 கி.மீ. வழியில் ஒரு காடு, இரண்டு பெருநகரங்கள். ஏழெட்டு மணி நேரப் பயணம். விமானம் காலை பத்து மணிக்கு என்றால் ஏழு மணிக்காவது அங்கே இருக்கவேண்டும். இரவு பதினொன்றுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். ஆனால் பதினொன்றுக்குக் காடு மூடியிருக்கும். எனவே ஒன்பதுக்குள் காட்டைக் கடந்து, மீதி நேரத்தை வழியிலோ விமான நிலையத்து நாற்காலியிலோ கழிக்கவேண்டும். திரும்பி வரும்போது இன்னும் மோசம். மாலை ஆறு மணிக்கு விமானம் இறங்கினால், பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வர ஏழு மணி. எவ்வளவு விரட்டினாலும் குண்டலுபேட்டை சேரும்போது நள்ளிரவு ஆகிவிடும். நான்கு மணி நேரத்தில் வளைகுடாவிலிருந்து பறந்து வந்தவர், கடைசி ஐம்பது சொச்சம் கிலோமீட்டருக்கு விடியும்வரை காத்திருக்கிறார்.

பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலை 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. மூன்று மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. ஊட்டிக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்று பலர் மகிழ்ந்தார்கள். மாலையில் கிளம்பியவர்களுக்கு என்ன நடந்தது என்றால், முன்பு பதினொரு மணிக்கு வந்து மூடிய கேட்டைப் பார்த்தவர்கள், இப்போது ஒன்பதரைக்கே வந்து பார்க்கிறார்கள். வேகத்தைக் கூட்டியதில் காத்திருக்கும் நேரம்தான் கூடியிருக்கிறது.

பஸ் நிலையத்தில் ஓர் இரவு

நான் அங்கே தங்க நேர்ந்தது ஓர் ஆகஸ்டு மாத இரவில். மைசூரில் ஏறிய பஸ் நஞ்சன்கூடு தாண்டியதும் பழுதாகி நின்றுவிட்டது. மாற்று பஸ்ஸில் குண்டலுபேட்டை வந்து இறங்கியபோது மணி 9.20. ஊர்க் கோடியில் லாரிகள் வரிசையாக நிற்கத் தொடங்கியிருந்தன. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. ஒரு லாரியின் நிழலில் ஸ்டவ் பற்றவைத்து இரண்டு பேர் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். நாமக்கல் பதிவெண்.

"மைசூர்ல லோடு ஏத்துறதுக்கு அரை மணி லேட்டாச்சு சார். அந்த அரை மணிக்கு இங்க ஒம்பது மணி நேரம்" என்றார் ஓட்டுநர். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார். பின்னால் நின்ற சிறிய வண்டியில் தக்காளியும் பீன்ஸும். கேரளத்துக்குப் போகும் காய்கறியில் கணிசமான பங்கு இந்த வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து போகிறது. விடியற்காலைச் சந்தையைத் தவறவிட்ட காய்கறிக்கு என்ன விலை கிடைக்கும் என்பது எல்லா விவசாயிக்கும் தெரியும்.

பஸ் நிலையத்து சிமென்ட் பெஞ்சில் ஒரு பெண்மணி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மகனைக் குவைத்துக்கு வழியனுப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வீடு கூடலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் 1964-ல் கையெழுத்தான பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அப்படி வந்தவர்களில் பலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

லாட்ஜில் அறை எடுத்துக்கொள்ளலாமே அம்மா என்றேன். "ஒத்தப் பொம்பளைக்கு ரூம் குடுப்பாங்களோ என்னமோ. குடுத்தாலும் அந்தக் காசுக்கு நான் ரெண்டு தடவை ஊருக்குப் போயிட்டு வந்துருவேன் சார்" என்றார். சிறிது நேரம் கழித்து அவரே பேசினார். சின்ன வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் நாள் கணக்காகக் காத்திருந்ததைச் சொன்னார். "அங்கயாச்சும் தலைக்கு மேல கூரையும் வரிசையில நின்னா சோறும் இருந்துச்சு." இரவு ஒரு மணிக்கு மேல் குளிர் இறங்கியது. அவர் முந்தானையைத் தலைமேல் போர்த்திக்கொண்டார். கழிப்பறைக்குப் போக அஞ்சி, மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை என்றார்.

கார்களில் வந்தவர்கள் லாட்ஜுகளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்தத் தடை ஒரு ராத்திரி வாடகை. லாரிக்காரருக்கு ஒரு நாள் நடை. இந்த அம்மாவுக்கு விடியும்வரை தாகம். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். விலைதான் ஒன்றல்ல.

இளவரசரும் காத்திருந்தார்

இந்தப் பக்கத்தில் காத்திருந்த முக்கியஸ்தர் ஒருவர் சரித்திரத்தில் இருக்கிறார். குண்டலுபேட்டையிலிருந்து பண்டிப்பூர் போகும் சாலையில் ஹங்களா என்று ஒரு கிராமம். பதினேழாம் நூற்றாண்டில் மைசூர் அரியணைக்கு உரிமை கொண்டாடக்கூடிய சிக்கதேவராஜரை இங்கேதான் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்கிறது மைசூர் வரலாறு. அவருடைய உறவினர் ஆட்சி முடியும்வரை இளவரசர் இந்தக் காட்டோரத்தில் காலம் கழித்தார். துணைக்கு விசாலாட்ச பண்டிதர் என்ற சமண அறிஞர். 1673-ல் அழைப்பு வந்தது. சிக்கதேவராஜ உடையார் அரசரானார், பண்டிதர் முதலமைச்சரானார். தந்தையின் நினைவாக அவர் கட்டியதாகச் சொல்லப்படும் பரவாசுதேவர் கோயில் குண்டலுபேட்டையில் இருக்கிறது. பிற்பாடு காவிரியின் குறுக்கே அணை எழுப்பி மதுரையையும் தஞ்சையையும் கலங்க வைத்தவர் என்று தமிழக வரலாறு நினைவில் வைத்திருப்பதும் இதே மன்னரைத்தான். காத்திருந்து பழகியவர், பிறரைக் காத்திருக்க வைக்கவும் கற்றுக்கொண்டார் போலும்.

அந்த அணையை எதிர்த்து நின்றவர் மதுரையின் ராணி மங்கம்மாள். அவர் பெயரைத் தமிழ்நாடு வேறு காரணத்துக்காகச் சொல்கிறது: சாலைகள், சத்திரங்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு

குண்டலுபேட்டை வழியாகப் போகத் திட்டமிடுகிறவர்கள் விமானப் பயணி போலவே பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போடவேண்டும். ஊட்டிச் சாலையில் மேலுகாமனஹள்ளியிலும் வயநாட்டுச் சாலையில் மத்தூரிலும் செக்போஸ்ட்டுகள் இருக்கின்றன. அங்கே எட்டரைக்குள் இருந்தால்தான் நிம்மதி. அப்படியானால் மைசூரை மாலை ஆறு மணிக்கு விட்டாகவேண்டும். ஏழு மணியாகிவிட்டதா? மைசூரிலேயே தங்கிவிடுவது உத்தமம். அறைகள் அதிகம், வாடகைக்குத் தகுந்த தேர்வும் உண்டு. தாமதமாகி குண்டலுபேட்டையில் மாட்டிக்கொண்டால் கடைத்தெருவில் சிறிய லாட்ஜுகள் உள்ளன. விடுமுறை நாட்களில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

காரில் நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்குத் தேவையில்லை. காட்டுக்குள் செல்போன் பல இடங்களில் வேலை செய்யாது. பாஸை குண்டலுபேட்டையிலேயே எடுத்துவிடுங்கள். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி, கல்லட்டி வழி தூரம் குறைவு. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடுகள். பழக்கமில்லாதவர்கள் கூடலூர் வழியே போவது நல்லது. காலை ஆறு மணிக்கு கேட் திறந்ததும் எல்லா வண்டியும் ஒரே சமயத்தில் பாயும். கால் மணி நேரம் பொறுத்துக் கிளம்பினால், அந்தக் கூட்டத்தோடு முட்டிமோத வேண்டியதில்லை. காட்டுக்குள் வண்டியை நிறுத்துவது, ஹாரன் அடிப்பது, குரங்குக்கு பிஸ்கெட் போடுவது கூடாது.

காலையில் அவசரமில்லை என்றால், காத்திருந்ததற்கு ஊர் ஒரு சன்மானம் தரும். ஹங்களாவில் வலப்புறம் திரும்பினால் ஹிமவத் கோபாலசுவாமி மலை. 1,454 மீட்டர் உயரத்தில் வேணுகோபாலர் கோயில். சொந்த வண்டிகளை மேலே விடுவதில்லை. அடிவாரத்திலிருந்து கர்நாடக அரசு பஸ் ஏற்றிச் செல்கிறது. பகலில் மட்டும்தான், மாலை நான்கு மணிவாக்கில் முடித்துக்கொள்வார்கள். பனி விலகும்போது கீழே பண்டிப்பூர் காடு முழுக்கத் தெரியும். மேயும் யானைகளையும் சில நாட்களில் பார்க்கலாம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாலையோரம் சூரியகாந்தியும் செண்டுப்பூவும் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளாகக் கிடக்கும். ஓணத்துக்கு முன்பு கேரளத்தவர் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். மிதிபடும் செடிக்கு ஈடாகச் சில விவசாயிகள் சிறு தொகை கேட்பார்கள். கொடுத்துவிடுவதுதான் முறை.

சாவடி என்ற சொல்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் இணைப்புப் பயணிகளை இலவசமாக ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். வண்ணத்துப்பூச்சித் தோட்டம், இலவச சினிமா, படுத்துக்கொள்ள நாற்காலி எல்லாம் உண்டு. அது பணக்கார நாடு, வியாபாரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதன் பின்னால் ஒரு எளிய எண்ணம் இருக்கிறது. காத்திருக்க வைப்பவருக்கு, காத்திருப்பவர் மேல் ஒரு கடமை உண்டு.

இந்த எண்ணம் நமக்குப் புதிதல்ல. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களை விட்டுவிட வேண்டாம் என்று வாதாடினார். எல்லா சாதியாருக்கும் அங்கே உணவு கிடைப்பதையும், நோயுற்ற பயணிகளுக்கு மருத்துவம் நடப்பதையும் விவரித்தார். நள்ளிரவில் மணி அடித்து, சாப்பிடாதவர் யாராவது மிச்சம் இருந்தால் அழைப்பார்களாம். வழிப்போக்கரைப் பற்றி ஒரு ராஜ்யம் எவ்வளவு தூரம் யோசித்தது என்பதற்கு அந்த மணி போதும்.

நம் மொழியிலும் ஒரு தடயம் இருக்கிறது. 'சாவடி' என்றால் வழிப்போக்கர் தங்குமிடம், ஊரார் கூடும் பொது இடம். நெடுந்தூரம் நடந்து வந்தவர் திண்ணையில் படுத்து எழுந்து போகும் இடம். இன்று அந்தச் சொல் சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி என்ற கூட்டுச் சொற்களில்தான் அதிகம் உயிரோடு இருக்கிறது. தங்கவைத்த சொல் இப்போது தடுத்து நிறுத்துகிறது.

பண்டிப்பூர் தடையை எடுத்துவிடு என்று கேட்பது சுலபம். தேர்தல் வரும்போதெல்லாம் யாராவது கேட்கவும் செய்கிறார்கள். தடை இருக்கட்டும், ஆனால் தடையோடு சேர்த்து ஒரு சாவடியும் இருக்கட்டும் என்று கேட்பவர்களைக் காணோம். பெரிய செலவு இல்லை. விளக்கு எரியும் ஒரு கூடம், பூட்டாத கழிப்பறை, குடிநீர், பெண்களுக்கு ஒரு தனி அறை, லாரிகளுக்கு ஓர் ஒழுங்கான நிறுத்துமிடம். பெங்களூர், மைசூர், ஊட்டி, பத்தேரி பஸ் நிலையங்களில் கேட் மூடும் நேரத்தைச் சொல்லும் ஒரு பலகை. மூன்று மாநிலங்களும் பகிர்ந்துகொண்டால் எந்த பட்ஜெட்டிலும் இது கண்ணுக்கே தெரியாது.

அப்படி ஓர் இடம் வந்தால் காட்டுக்கும் அது நல்லது. மூடிய கேட்டின் மேல் மக்களுக்கு இருக்கும் கோபம் பாதி, மூடியதால் வருவதல்ல. மூடியபின் யாரும் திரும்பிப் பார்க்காததால் வருவது. யானைக்கு ஒன்பது மணி நேரம் ஒதுக்கத் தெரிந்த அரசுகள், அந்த ஒன்பது மணி நேரமும் குண்டலுபேட்டையில் விழித்திருக்கும் மனிதருக்கு ஒரு திண்ணை ஒதுக்கலாம்.